விஞ்ஞானக் கட்டுரைச் சுருக்கமும் நம் மாணாக்கரும்

நம் பாடசாலைகளில் தமிழ் கற்ற எவருக்கும் நன்கு பழகிப்போன ஒரு கட்டளை உண்டு. தரப்பட்ட பந்தியை மூன்றிலொரு பங்காகச் சுருக்குக என்பதே அது. இக்கட்டளைக்குப் பல வருஷம் பணிந்து, உவமையை நீக்கி, எடுத்துக்காட்டை நீக்கி, அடைமொழியை நீக்கி, எஞ்சிய சொற்களை விரல்விட்டு எண்ணிப் பழகிய மாணாக்கர், பின்னர்ப் பல்கலைக்கழகம் புகுந்து, விஞ்ஞானத் துறையொன்றில் ஓர் ஆய்வேட்டை எழுதிமுடித்து, அதன் முகப்பில் வைக்கவேண்டிய ஒரு பக்கச் சுருக்கத்தை எழுத உட்காரும்போது, அதே கைப்பழக்கத்தை அங்கும் கொண்டுவருகின்றனர். முன்னுரைக்கு மூன்று வாக்கியம், முன்னோர் ஆராய்ச்சிக்கு மூன்று வாக்கியம், முறைக்கு நான்கு வாக்கியம் என்று அத்தியாயந்தோறும் சமமாகப் பங்கிட்டு வரும்போது, எந்த முடிவைக் காணும்பொருட்டு ஒரு வருஷகாலம் உழைத்தார்களோ அந்த முடிவுக்குக் கடைசியில் ஒரு வாக்கியமே மிஞ்சுகிறது. அதுவும் பெரும்பாலும் 'முடிவுகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன' என்னும், ஒன்றையும் சொல்லாத வாக்கியமாக அமைந்துவிடுகிறது.

பள்ளிச் சுருக்கம் பயனற்றது என்பது என் கருத்தன்று. சொற்சிக்கனத்தையும் வாக்கியக் கட்டுப்பாட்டையும் அது கற்பிக்கிறது. அவ்வளவில் அதற்கு வந்தனம். ஆயின் அதன் அளவுகோல் விகிதாசாரம். மூலத்தில் பெரிதாயிருப்பது சுருக்கத்திலும் பெரிதாயிருக்கவேண்டும் என்பது அதன் நியதி. விஞ்ஞானச் சுருக்கத்துக்கு இந்நியதி பொருந்தாது. முப்பது பக்கக் கட்டுரையை இருநூற்றைம்பது சொல்லில் அடக்கவேண்டியவர் செதுக்கிச் செதுக்கி அவ்விடத்தை அடையவே முடியாது. ஏறக்குறைய அனைத்தையும் விட்டுவிட்டு, விடக்கூடாதது எது என்று தீர்மானித்து, அதனைப் புதிதாகச் சொல்லவேண்டியவர் அவர். ஆகவே சுருக்கம் எழுதுவது மொழிப்பயிற்சி என்பதிலும் பார்க்க விவேகப்பயிற்சி என்பதே பொருத்தம். அவ்விவேகத்தை நம் மாணாக்கர் எங்கே எவ்வாறு பெறலாம் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பெருநூலின் சாரத்தை அதன் வாயிலில் நிறுத்திக் காட்டும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அதன் யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் சிறப்புப் பாயிரம் உணர்த்தவேண்டும் என்று நன்னூலார் வகுத்தார். இலக்கண நூலைக் கையிலெடுக்கும் மாணாக்கன், இது யாருக்காக, எதைப்பற்றி, எதைத் தழுவி எழுந்தது என்பதை வாயிலிலேயே அறிந்துகொண்டு உள்ளே புகலாம். தனக்கு வேண்டாததாயின் திரும்பிச் செல்லலாம். இன்றைய நூலகவியலார் சுருக்கத்துக்குச் சொல்லும் முதற்பயனும் இதுவேயாகும். உரைவகையிலும் காண்டிகை என்றும் விருத்தி என்றும் நம்மவர் பிரித்தனர். கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் வினாவிடையும் கொண்டு சுருங்க நடப்பது காண்டிகை. அவற்றோடு இன்றியமையாத பிறவற்றையும் கொண்டுவந்து விரிப்பது விருத்தி. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் நன்னூல் விருத்தியுரையைப் பரிசோதித்துப் பதிப்பித்தவரே அதற்குக் காண்டிகையுரையும் தாமே எழுதினார் என்பது நம் விஷயத்துக்கு மிக நெருங்கிய செய்தி. விருத்தியிலுள்ள வாக்கியங்களை மூன்றிலொன்றாக அறுத்து அவர் காண்டிகை செய்யவில்லை. இளமாணாக்கனுக்கு எது வேண்டும் என்று கருதி வேறாகவே எழுதினார். நன்னூல் கூறும் குற்றம் பத்தினுள் குன்றக் கூறல் முதலாவதாகவும், அழகு பத்தினுள் சுருங்கச் சொல்லல் முதலாவதாகவும் வைக்கப்பட்டிருப்பதை மாணாக்கர் ஊன்றி நோக்கவேண்டும். சுருங்குதல் வேறு, குன்றுதல் வேறு. முன்னது அழகாயும் பின்னது குற்றமாயும் எண்ணப்பட்டது காரணமின்றியன்று.

எனினும் நம் பாயிரத்தையே விஞ்ஞானச் சுருக்கத்துக்கு முழு மாதிரியாகக் கொள்ளுதல் இயலாது. பாயிரம் நுதலிய பொருளைச் சுட்டும். அப்பொருளிலே கண்ட முடிவைச் சொல்லாது, சொல்லவேண்டிய அவசியமும் இலக்கண நூலுக்கு இல்லை. விஞ்ஞானக் கட்டுரையோ ஒரு வினாவுக்கு விடையாகப் பிறப்பது. விடையைச் சொல்லாத சுருக்கம் அதற்குப் பாதிச் சுருக்கமே. மேனாட்டு நூலகவியலார் சுருக்கத்தை இரண்டாகப் பகுத்து, எதைப்பற்றியது என்று மட்டும் சுட்டுவது ஒன்று, என்ன கண்டார் என்றும் அறிவிப்பது மற்றொன்று என்பர். நம் மாணாக்கர் எழுதும் சுருக்கங்களிற் பெரும்பாலன முதல்வகையாக நின்றுவிடுகின்றன. பரந்த நூற்பரப்பைத் தொகுத்து நோக்கும் மதிப்பீட்டுக் கட்டுரைக்கு முதல்வகை போதும். பரிசோதனைக் கட்டுரைக்கு இரண்டாவதே வேண்டும்.

இவ்வழக்கம் மேல்நாட்டில் வளர்ந்த சரித்திரத்தை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. 1665இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் சஞ்சிகை தோன்றிய காலத்தில் அறிஞர் ஒருவர் தம் துறையில் வெளிவந்த யாவற்றையும் தாமே படித்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது இயலாதாயிற்று. 1830இல் ஜெர்மனியில் மருந்தியல் இரசாயனத்துக்கெனச் சுருக்க இதழொன்று தோன்றியது. 1907இல் அமெரிக்க இரசாயனச் சங்கம் உலகெங்கும் வெளிவரும் இரசாயனக் கட்டுரைகளுக்குச் சுருக்கம் வெளியிடத் தொடங்கியது. அக்காலத்தில் சுருக்கத்தை எழுதியவர் கட்டுரையாசிரியர் அல்லர், வேறொருவர். ஆசிரியரே தம் கட்டுரைக்குச் சுருக்கம் எழுதி முகப்பில் வைக்கும் வழக்கம் பொதுவழக்கானது இருபதாம் நூற்றாண்டிலேயே. 1976இல் சர்வதேச நியம நிறுவனம் இதற்கென ஒரு நியமத்தை வெளியிட்டு, சாதாரணக் கட்டுரைக்கு 250 சொல்லுக்குள், சிறுகுறிப்புக்கு 100 சொல்லுக்குள், ஆய்வேடு போன்ற நீண்ட கிரந்தங்களுக்கு 500 சொல்லுக்குள், இயன்றவரை ஒரே பக்கத்தில், சுருக்கம் அமையலாம் என்று அளவு காட்டிற்று. 1987இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று, நோக்கம், அமைப்பு, நோயாளர், சிகிச்சை, முடிவு என்று தலைப்பிட்டுப் பகுத்தெழுதும் முறையைப் புகுத்த, மருத்துவ இதழ்கள் பல அதனைப் பின்பற்றின. தலைப்பிட்டு எழுதும்போது முடிவை ஒளித்துவைக்க இடமில்லாமற் போகிறது. அதுவே அம்முறையின் பெருநன்மை. நம் மருத்துவ, விவசாய மாணாக்கர், தலைப்பு வேண்டாத இதழுக்கு எழுதும்போதும், முதற்படியைத் தலைப்பிட்டு எழுதி, பின்பு தலைப்புகளை நீக்கிவிடுவது நல்ல உபாயம்.

விஞ்ஞானத்தைத் தமிழில் இறுக்கமாகச் சொல்ல இயலாது என்னும் முறைப்பாடு இன்றும் கேட்கிறது. அதற்கு விடையை யாழ்ப்பாணத்திலேயே காணலாம். நாவலர் பிறந்த 1822ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் பிறந்து, 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியப் பள்ளியும் நடத்திய சாமுவேல் கிறீன் என்னும் மிஷனரி வைத்தியர், 1860களில் தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் துணிந்தார். அவரும் அவருடைய மாணாக்கரும் இயற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. எலும்பையும் நரம்பையும் அமிலத்தையும் உப்பையும்பற்றி அன்று இவ்வூர் மாணாக்கர் தமிழிற் படித்து, தமிழிற் பரீட்சை எழுதி, வைத்தியராய்த் தொழிலும் செய்தனர். அவர்களுடைய சொற்கள் சில இன்று வழக்கொழிந்தன, அதனாற் குறையொன்றுமில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னரே இயன்ற காரியத்தை இன்று இயலாதென்பது சோம்பலேயன்றி வேறன்று.

இனி, ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, பாசையூருக்கும் அரியாலைக்கும் இடையில், கடனீரேரியை நோக்கி அமைந்தது கொழும்புத்துறை. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின்மேல் நிற்பது, வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் பெய்யும் மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதே கிணற்று நன்னீர். கரைக்கு அணித்தாகிய கிணறுகளில், கோடையில் மிகையாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும் என்பதை அவ்வூர்த் தாய்மார் விஞ்ஞானம் படியாமலே அறிவர். இங்கே ஒரு மாணவி, துறைமுகக் கரையிலிருந்து உள்நோக்கி 24 கிணறுகளைத் தெரிந்து, தை முதல் ஆவணி வரை மாதந்தோறும் நீர் எடுத்து, குளோரைட்டுச் செறிவை அளந்து ஆய்வேடு எழுதியதாக வைத்துக்கொள்வோம். இது கற்பனையே, எண்களும் விளக்கத்தின்பொருட்டு நான் அமைத்தவை. அவள் எழுதும் முதற் சுருக்கம் பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்:

'நீர் மனித வாழ்வுக்கு இன்றியமையாதது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்றனர். சனத்தொகைப் பெருக்கத்தாலும் விவசாய அபிவிருத்தியாலும் நிலத்தடி நீரின் தரம் பாதிக்கப்பட்டு வருகின்றது. இவ்வாய்வு கொழும்புத்துறைப் பகுதிக் கிணறுகளின் உவர்த்தன்மையை ஆராய்வதை நோக்கமாகக் கொண்டது. தெரிவுசெய்யப்பட்ட கிணறுகளிலிருந்து நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு நியம முறைகளின்படி பகுப்பாய்வு செய்யப்பட்டன. பெறப்பட்ட முடிவுகள் புள்ளிவிபரவியல் ரீதியாக ஆராயப்பட்டன. கிணறுகளின் உவர்த்தன்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடுகள் அவதானிக்கப்பட்டன. எதிர்காலத்தில் மேலதிக ஆய்வுகள் மேற்கொள்ளப்படவேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகின்றது.'

இதில் இலக்கணப் பிழையில்லை, பொய்யுமில்லை. ஆனால் இச்சுருக்கத்தில் இடப்பெயர்களை எடுத்துவிட்டுக் குருநகர் என்றோ, மன்னார் என்றோ, இராமேசுவரம் என்றோ எழுதினாலும் வேறொரு சொல்லும் மாறவேண்டியதில்லை. ஆய்வைச் செய்யத் தொடங்குமுன்னரே, கிணற்றில் ஒரு வாளி நீரும் அள்ளுமுன்னரே, வீட்டிலிருந்தபடி எழுதியிருக்கக்கூடிய சுருக்கம் இது. எட்டு மாத உழைப்பின் சுவடு இதில் எங்கேயுமில்லை. முதல் மூன்று வாக்கியம் எவரும் அறிந்த செய்தி. நான்காவது தலைப்பிலேயே இருப்பது. ஐந்தும் ஆறும் எந்த ஆய்வுக்கும் பொருந்துவன. ஏழாவதிலே முடிவு வரப்போகிறது என்று எதிர்பார்த்தால், வேறுபாடு உண்டு என்று மட்டும் கேட்டு ஏமாறுகிறோம். எத்திசையில், எவ்வளவு, எக்காலத்தில் என்னும் மூன்றும் இல்லாத வேறுபாடு அறிவாகாது. எட்டாவது வாக்கியமோ மரியாதைக்காகச் சேர்க்கப்படுவது.

அதே மாணவி, அதே தரவுகளைக்கொண்டு, இவ்வாறு எழுதியிருக்கலாம்:

'கொழும்புத்துறைக் கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் உள்ள 24 கிணறுகளின் குளோரைட்டுச் செறிவு, ஒரு வருஷத்தின் தை முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறை அளக்கப்பட்டது. மழைக்குப் பிந்திய தை மாதத்தில் 19 கிணறுகளில் செறிவு லீற்றருக்கு 250 மில்லிகிராமிலும் குறைவாயிருந்தது; ஆவணியில் 8 கிணறுகளே அவ்வெல்லைக்குள் நின்றன. கரையிலிருந்து 500 மீற்றருக்குள் அமைந்த 9 கிணறுகளும் ஆவணியில் எல்லையைக் கடந்தன. அதற்கப்பால் உள்ள 15 கிணறுகளில் 7 கடந்தன. அவற்றுள் 6 மோட்டரால் இறைக்கப்படுபவை. எனவே கரையோரத்தில் தூரமும், உள்ளே இறைப்பு முறையும் உவரேற்றத்தோடு தொடர்புடையனவாகத் தோன்றுகின்றன. இறைத்த நீரின் அளவு நேரடியாக அளக்கப்படாமையாலும், ஆய்வு ஒரு கோடையை மட்டும் தழுவியதாலும், இறைப்பே காரணம் என்று இத்தரவுகளைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது.'

இரண்டும் 250 சொல்லுக்கு மிகக் குறைந்தவையே. இரண்டாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீண்டது. இதைப் படித்த பொறியியலாளர் ஒருவர் முழு ஆய்வேட்டையும் தேடிப்போவார்; வேறொருவர் தமக்கு வேண்டியது இதுவன்று என்று உடனே அறிந்து நேரத்தைக் காத்துக்கொள்வார். இருவருக்கும் உபகாரமே. பின்னதன் கடைசி வாக்கியத்தை விசேஷமாகக் கவனிக்கவேண்டும். தன் முடிவு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைச் சொல்வது ஆய்வின் பலவீனத்தை அம்பலப்படுத்துவதாகும் என்று மாணாக்கர் பலர் அஞ்சி அதனை ஆய்வேட்டின் நூறாம் பக்கத்தில் மறைத்துவிடுகின்றனர். சுருக்கத்தை மட்டும் படிப்பவரே உலகிற் பெரும்பாலோர். அவர்களுக்கு எல்லை சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வது, அவர்களை அறிந்தே தவறான வழியில் விடுவதாகும்.

'ஆராயப்பட்டது', 'விவரிக்கப்பட்டது' என்று முடியும் வாக்கியங்களால் ஆகிய சுருக்கத்தின்மேல் எனக்குள்ள இந்த வெறுப்புத் தனிமனித வெறுப்பன்று. அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் கென்னத் லான்டெஸ் என்பார் 1951இல் தம் சங்கத்து இதழில் இவ்விஷயமாகவே ஒரு சிறுகுறிப்பு எழுதினார். அது 1966இல் திருத்தி மீண்டும் வெளியிடப்பட்டது. தம் குறிப்புக்குத் தாமே மோசமான சுருக்கமொன்றும் நல்ல சுருக்கமொன்றும் எழுதி அருகருகே வைத்துக் காட்டியது அவர் கையாண்ட உபாயம். அந்த ஒரு பக்கம் செய்த உபகாரத்தை நீண்ட விதிநூல்கள் பல செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். விதியைச் சொல்லி விளங்கவைப்பது கடினம். இரண்டு மாதிரிகளை அருகருகே வைத்தால் முதலாம் வருஷ மாணாக்கனுக்கும் பேதம் தானே புலப்படும்.

எண்களை எழுதும்போது அலகையும் எழுதுதல் எல்லோரும் அறிந்த விதியாயினும், அது மீறப்படுவதன் அபாயத்தைக் குடாநாட்டு நீராய்வுகளைக் கொண்டே காட்டலாம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் பசளையின் நைத்திரேற்று மழையோடு இறங்கிக் கிணற்றுநீரிற் கலக்கிறது என்பது பல காலமாக ஆராயப்பட்டுவரும் விஷயம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் ஆய்வாளர் சிலர் நைத்திரேற்றை முழுமையாகக் கணக்கிடுவர்; வேறு சிலர் அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிடுவர். அவ்வாறு கணக்கிட்டால் அதே எல்லை சுமார் 11 மில்லிகிராமாகிவிடும். ஏனெனில் நைதரசன் ஒரு பங்குக்கு நைத்திரேற்று சுமார் 4.4 பங்கு நிறையுடையது. ஒரு சுருக்கத்தில் 'சராசரிச் செறிவு லீற்றருக்கு 15 மில்லிகிராம்' என்று மட்டும் இருக்குமாயின், அக்கிணறு குடிக்கத்தக்கதா, தகாததா? முதற்கணக்கின்படி எல்லைக்கு மிகக் கீழே. இரண்டாவதின்படி எல்லையைக் கடந்தது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்க்கு இது கற்றோர் விவாதமன்று. 'நைதரசனாக' என்னும் ஒரு சொல்லைச் சேர்க்க மறந்ததால் சுருக்கம் முழுவதும் பயனற்றதாய், சிலவேளை அபாயகரமானதாய், மாறிவிடுகிறது. முழுக்கட்டுரையிலே அட்டவணையின் தலைப்பில் அச்சொல் இருக்குமே என்று சமாதானம் கூறுதல் தகாது. சுருக்கம் கட்டுரையைப் பிரிந்து தனியே உலகெங்கும் சஞ்சரிப்பது.

சுருக்கத்திற்கும் கட்டுரைக்கும் இடையே முரண் நேர்வது மாணாக்கரிடத்தில் மட்டுமே காணப்படும் குறையன்று. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், பிற்கின் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் புகழ்பெற்ற ஆறு மருத்துவ இதழ்களின் கட்டுரைகளை எடுத்துச் சுருக்கத்தையும் உடலையும் ஒப்புநோக்கினர். சுருக்கத்திலுள்ள தரவு கட்டுரையோடு முரண்படுவதோ, கட்டுரையில் அறவே காணப்படாததோ ஆகிய குறை, இதழுக்கு இதழ் வேறுபட்டு, 18 சதவீதம் முதல் 68 சதவீதம் வரையான சுருக்கங்களில் இருந்தது. கைதேர்ந்த ஆசிரியரும் கண்டிப்பான பதிப்பாசிரியரும் உள்ள இடத்திலேயே இந்நிலை. பரிசோதனை முடிவதற்கு முன்பே மாநாட்டுக்காக ஒரு சுருக்கம் அனுப்பிவிட்டு, பின்னர்க் கணக்குகளைத் திருத்தியபோது அச்சுருக்கத்தைத் திருத்த மறப்பதே இதற்குப் பெருங்காரணம் என்று கருதுகிறேன். நம் மாணாக்கரும் இறுதிவருஷ ஆய்வுக்கு முன்மொழிவு எழுதும்போது ஒரு சுருக்கம் எழுதி, ஆய்வு முடிந்தபின் 'ஆராயப்படும்' என்பதை 'ஆராயப்பட்டது' என்று மாற்றிவிட்டு அதனையே முகப்பில் வைப்பதுண்டு. மேலே காட்டிய முதல் மாதிரியின் பிறப்பிடம் பல சமயங்களில் இதுவே.

பிறர் கட்டுரைக்குச் சுருக்கம் எழுதுதல் இக்கலையைக் கற்பதற்கு மிகச் சிறந்த வழி என்பது என் உறுதியான கொள்கை. தன் ஆய்விலே தான் பட்ட கஷ்டம் எல்லாம் முக்கியமாகத் தோன்றுமாதலால் எதை விடுவது என்று தெரியாது. பிறர் ஆய்விலே அந்தப் பற்று இல்லை. ஆனால் படிக்கும் முறையை மாற்றிக்கொள்ளவேண்டும். முதல் வரியிலிருந்து கோடிட்டுக்கொண்டே போகிறவர், பத்தாம் பக்கத்தை அடையும்போது கட்டுரை முழுவதிலும் கோடிட்டிருப்பார். அவ்வாறன்றி, ஆசிரியரின் சுருக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு, முன்னுரையின் கடைசிப் பந்தியை முதலிற் படிக்கவேண்டும். வினா பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து அட்டவணைகளையும் வரைபடங்களையும் பார்த்து, இவற்றிலிருந்து நான் என்ன முடிவுக்கு வருவேன் என்று தானே ஒரு வாக்கியம் எழுதவேண்டும். அதன்பின் ஆசிரியரின் முடிவுரையைப் படித்து இரண்டையும் ஒப்பிடவேண்டும். வேறுபாடு இருப்பின் அவ்வேறுபாட்டிற்குக் காரணம் முறையியற் பகுதியிலே மறைந்திருக்கும். அப்போதுதான் அப்பகுதியைப் படிப்பதற்கு ஒரு நோக்கம் பிறக்கிறது. இவ்வளவும் முடிந்தபின் கட்டுரையை மூடிவைத்து, நினைவிலிருந்தே சுருக்கத்தை எழுதவேண்டும். மூலத்தைத் திறந்துவைத்து எழுதினால் மூலத்தின் வாக்கியங்களே கைவழியே வந்துவிழும். அது பிறர் சொல்லைத் திருடுவதாகவும் முடியும். எண்களையும் அலகுகளையும் பெயர்களையும் மட்டும் பின்னர் மூலத்தைத் திறந்து நிரப்பிக்கொள்ளலாம். கணிதக் கட்டுரையாயின் இவ்வளவு வேண்டியதில்லை. எந்த நிபந்தனையின்கீழ் எத்தேற்றம் நிறுவப்பட்டது, முன்னிருந்ததிலும் அது எவ்வகையில் வலியது என்று இரண்டு வாக்கியத்திற் சொல்லிவிட்டால் போதும்.

தமிழில் எழுதும்போது நேரும் சில விசேஷமான இடர்களையும் சொல்லவேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தை முதலில் எழுதி, அதை வரிக்குவரி தமிழாக்கி, பல்கலைக்கழகம் கேட்பதால் இணைத்துவிடும் வழக்கம் பரவியுள்ளது. அவ்வாறு பிறக்கும் தமிழ்ச் சுருக்கத்தைத் தமிழ் மட்டும் அறிந்த விவசாயப் போதனாசிரியரோ, பாடசாலை விஞ்ஞான ஆசிரியரோ படித்து விளங்கிக்கொள்ள முடிவதில்லை. தரவுகளை முன்வைத்துக்கொண்டு தமிழ்ச் சுருக்கத்தைத் தனியாக, தமிழிலேயே சிந்தித்து எழுதவேண்டும். இரண்டும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒத்திருக்கவேண்டும் என்னும் கட்டாயம் எவ்விதியிலும் இல்லை, எண்களும் முடிவும் ஒத்திருந்தாற் போதும். தமிழில் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் வசதி உண்டாதலால், சேகரித்து, வடித்து, உலர்த்தி, நிறுத்து, கரைத்து என்று முறை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் ஏற்றிவிட மனம் உந்தும். கட்டுரையின் நடைக்கு நீண்ட வாக்கியம் அழகுதரலாம். சுருக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்பதே தக்கது. சொல்லெண்ணிக்கையிலும் ஒரு நுட்பமுண்டு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாய் நிற்பது தமிழில் வேற்றுமையும் சாரியையும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிடுவதால், 250 சொல் என்னும் எல்லை தமிழுக்கு மிகவும் தாராளமானது. எல்லையை நிரப்புவதற்காகப் பொதுவுண்மைகளைச் சேர்த்தல் வேண்டாம். கலைச்சொற்களில் இலங்கை வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும் வேறுபடும் இடங்களிலே தம் பல்கலைக்கழக வழக்கைக் கைக்கொண்டு, இரசாயனக் குறியீட்டுப் பெயரைத் தமிழெழுத்தில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டாற் குழப்பம் நீங்கும்.

இக்காலத்தில் கணினியே கட்டுரையைப் படித்துச் சுருக்கம் தரும் செயலிகள் மாணாக்கர் கையில் வந்துவிட்டன. அவற்றைத் தடுத்தல் இயலாது. தடுக்கவேண்டும் என்று நான் வாதிடவும் இல்லை. ஆயினும் எது முக்கியம் என்று தீர்மானிக்கும் விவேகத்தைப் பயில்வதற்காகவே இடப்பட்ட பயிற்சியை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர், பயிற்சியின் பயனையும் அதனிடமே விட்டுவிடுகிறார். அன்றியும் அச்செயலிகள் மூலத்தில் இல்லாத செய்தியைச் சிலவேளை நம்பத்தக்க நடையில் சேர்த்துவிடுகின்றன. அதைக் கண்டுபிடிக்கவல்லவர், தாமே சுருக்கம் எழுதிப் பழகியவர் மாத்திரமே.

இப்பயிற்சியை எங்கே தொடங்குவது? 1944இல் நிறுவப்பட்ட இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் தன் வருடாந்த அமர்வுக்கு வரும் ஆய்வுகளின் சுருக்கங்களைத் தொகுதியாக அச்சிட்டுவருகிறது; யாழ்ப்பாணத்திலும் விஞ்ஞானச் சங்கம் அவ்வாறே செய்துவருகிறது. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் மாணாக்கரின் ஆய்வேடுகள் சேர்ந்துகொண்டேயிருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட ஊருக்கு, ஒரு கிரந்தத்தின் சாரம் பல இடங்களிற் பரவியிருப்பதன் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. மூலம் ஓரிடத்திலே அழிந்தாலும் முடிவைத் தாங்கிய சுருக்கம் வேறொரு தொகுதியில் நிற்கும், 'முடிவுகள் ஆராயப்பட்டன' என்னும் சுருக்கமோ நின்றும் பயனில்லை. ஆகவே இத்தொகுதிகளையே பாடப்புத்தகமாக்கி, முதலாம் வருஷத்திலேயே வாரத்துக்கு ஒரு கட்டுரைக்கேனும் மாணாக்கர் சுருக்கம் எழுதி, ஆசிரியரின் சுருக்கத்தோடு ஒப்புநோக்கும்படி துறைகள் ஏற்பாடு செய்யவேண்டும். இன்னும் முந்தியே, க.பொ.த. உயர்தர வகுப்பில், விஞ்ஞான ஆசிரியர் ஒவ்வொரு செய்முறைக் குறிப்பின் முடிவிலும் 'என்ன வினா, என்ன கண்டாய், எவ்வளவு உறுதி' என்று மூன்று வாக்கியம் எழுதும்படி கேட்கலாம். அதற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும். கொழும்புத்துறையில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை நடந்த காலத்தில் அங்கே பயின்றோர் குடாநாட்டுப் பள்ளிகளெங்கும் பரவிக் கற்பித்தனர். இன்றைய பயிற்சிக் கல்லூரிகளும் விஞ்ஞான ஆசிரியருக்குச் சுருக்கம் எழுதும் கலையைத் தனிப் பாடமாக வைப்பின், அப்பயன் ஒரு தலைமுறைக்குள் பாடசாலைகளை அடைந்துவிடும்.

மாணாக்கருக்கு ஒரு விண்ணப்பம். சுருக்கத்தை எழுதி முடித்ததும் அதிலுள்ள இடப்பெயரையும் பொருட்பெயரையும் விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் அது உங்கள் ஆய்வையே சொல்வதாயின், அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அலகையும் அட்டவணையோடு ஒருமுறை ஒப்புநோக்கிய பின்னர்க் கையளியுங்கள். வேறெந்த ஆய்வுக்கும் அது பொருந்துவதாயின், கிழித்துவிட்டு முடிவிலிருந்து தொடங்கி மீண்டும் எழுதுங்கள்.